பதினோரு பைகளும் ஒரு சுற்றும்

எங்கே போனாலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்தவர்கள் பைகளைக் கீழே வைத்ததும், தான் உட்காருவதற்கு முன்பே, காலால் ஒவ்வொன்றாகத் தள்ளி வரிசையாக்கிவிடுவாள். பிடிகளெல்லாம் அவள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பையையும் ஒரு தடவை தொடுவாள். கடைசிப் பையைத் தொட்ட பிறகுதான் முதுகு சாயும். பஸ் நிலையமோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, எல்லா இடத்திலும் இதே கதைதான். மற்றவர்கள் "இதோ வந்துடறோம்" என்று போய்விடுவார்கள். அவள் பைகளோடு இருப்பாள். அவளை யாரும் இருக்கச் சொன்னதில்லை. சொல்லும் நிலைக்கு அவள் விட்டதில்லை.

மிருகக்காட்சி சாலைக்கு அந்தக் குடும்பம் மூன்று முறை போயிருக்கிறது. அங்கே அவள் பார்த்த ஒரே பிராணி, சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்த நாய். வீட்டு ஆல்பங்களில் அவள் முகம் அதிகம் இருக்காது. சில படங்களின் ஓரத்தில் பை வார்களைச் சேர்த்துப் பிடித்த ஒரு கை மட்டும் வந்திருக்கும். மகள் சின்ன வயதில் "இது யார் கை?" என்று கேட்டிருக்கிறாள். "அம்மா கை" என்றார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அவள் பிழைப்பும் அதுதான். நான்கு மாடித் துணிக்கடை ஒன்றில், வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு கவுண்டர். வருகிறவர்கள் கையிலிருக்கும் பையை அங்கே கொடுத்துவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். திரும்பும்போது டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், எங்கெங்கோ எடுபிடி வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தாள். இந்தக் கதை நடக்கும்போது இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கவுண்டரில் நேராக எழுந்தால் படிக்கட்டின் அடிப்பக்கம் தலையில் இடிக்கும். முதல் இரண்டு வருஷம் இடித்துக்கொண்டாள். அப்புறம் குனிந்தபடியே எழுந்திருக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது வீட்டிலும் குனிந்தபடிதான் எழுந்திருக்கிறாள். கடையில் அவளுக்கு டோக்கனம்மா என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

டோக்கனம்மாவிடம் சில சட்டங்கள் இருந்தன. கடை எழுதிவைத்தவை பாதி, அவளாகச் சேர்த்தவை பாதி. டோக்கன் இல்லாமல் பை இல்லை. டோக்கனைத் தொலைத்தவர்கள் பைக்குள் இருக்கும் மூன்று பொருட்களைச் சரியாகச் சொல்ல வேண்டும். டோக்கனைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் இதே விதிதான். அப்படிப்பட்ட ஆட்கள் தினமும் நாலு பேராவது வருவார்கள். சட்டைப் பையைத் தட்டுவார்கள், பேன்ட் பையைத் தட்டுவார்கள், பிறகு அசட்டுச் சிரிப்போடு அலமாரியிலிருக்கும் பையைக் கை காட்டுவார்கள். மருந்துக்கும் கைக்குழந்தையின் பால் புட்டிக்கும் மட்டும் விலக்கு. அதை அவள் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மறுபடி வைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் கவுண்டரை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கழிவறைக்குப் போவதென்றாலும் வாசல் காவலாளியைக் கூப்பிட்டு "பாத்துக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பைகூட ஆள் மாறிப் போனதில்லை. ஒரே ஒரு பையை மட்டும் யாரும் வாங்க வரவில்லை. அது இன்னும் மேல்தட்டில் இருக்கிறது. வாரம் ஒரு முறை தூசி தட்டுகிறாள்.

படகுப் பயணத்தை ஏற்பாடு செய்தது மகள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். வாய் திறக்கப் பயப்படுகிற மனிதர்களையே பார்த்துப் பார்த்து, அவளுக்கு எல்லோரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்று நாள், ஐந்து தீவு. இரண்டு இரவும் தண்ணீருக்குமேல் கால் நட்டுக் கட்டிய விடுதிகளில் தங்கல். ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றபடி போனிலிருந்து ஒவ்வொரு தீவாகப் படித்துக் காட்டினாள். டோக்கனம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தீவுக்கு வந்தபோது மகள் இப்படிப் படித்தாள்: "சிறிய தீவு. கரையோரமாகவே நடந்தால் ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்."

டோக்கனம்மாவின் கத்தி நின்றது. "திரும்ப வேண்டாமா?"

"எங்க திரும்ப?"

"வந்த வழியில."

"வேண்டாம்மா. நேரா நடந்துக்கிட்டே இருந்தா ஆரம்பிச்ச இடம் வந்துரும். தீவு இல்ல?"

"சரி" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். ஆனால் அது மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்தடிக் கவுண்டர், அதற்குமேல் படிக்கட்டு. ஒன்றை முழுசாகச் சுற்றி வருவது எப்படியிருக்கும் என்று யோசித்தாள். எனக்கும் அந்தத் தீவில் இறங்கி நடக்க வேண்டும் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைப் பல் துலக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தாள். சொல்ல வேண்டியவர்கள் முன்னால் மட்டும் அது வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நாள் மதிய இடைவேளையில், கடையின் கீழ்த்தளத்தில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் ஷூ போட்டதில்லை. பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

பயணத்துக்குக் கிளம்பியவர்கள் ஆறு பேர். அவள், அவளுடைய கணவர், மகள், கணவரின் அக்கா, கணவரின் தம்பி, தம்பி மனைவி. கணவர் அச்சகத்தில் பைண்டர். நாள் பூராவும் பசையோடும் நூலோடும் இருப்பதாலோ என்னவோ, பேச்சு அவருக்கு ஒட்டவே இல்லை. கணவரின் அக்கா குடும்பத்தில் எல்லோருக்கும் பெரியக்கா. ரத்த அழுத்தம் அவருக்கு, அதன் விளைவு மற்றவர்களுக்கு. கொழுந்தன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எந்த வண்டியில் ஏறினாலும் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும். ஓரகத்தி நல்ல பெண். தொப்பிகள் மட்டும் நான்கு கொண்டுவந்திருந்தாள்.

பைகள் பதினொன்று. எல்லாவற்றையும் அடுக்கியது டோக்கனம்மாதான். முதல் நாள் ராத்திரி ஆளாளுக்கு ஒரு குவியலைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அவள் எது எதற்குள் அடங்குமோ அப்படி அடுக்கினாள். கடையில் பிளாஸ்டிக் டோக்கன் வந்த பிறகு தூக்கிப்போட இருந்த பழைய பித்தளை டோக்கன்கள் அவளிடம் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒன்றைக் கட்டினாள். அதன் ஜோடியைப் பைக்கு உரியவரிடம் கொடுத்தாள். சாப்பாட்டுப் பை பொதுப் பை என்பதால் அதன் ஏழாம் நம்பர் டோக்கனைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

படகுத்துறையில் கொழுந்தன் தன் டோக்கனை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "அண்ணி, நம்ம பையை நாமளே எடுக்கறதுக்கா இது?"

"இருக்கட்டும் தம்பி."

"தொலைச்சா அபராதமா?"

"அவ தூக்கத்துலயும் டோக்கன்தான் குடுப்பா" என்றார் பெரியக்கா. "வாங்கி வெச்சுக்க. இல்லன்னா படகுல ஏத்த மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தங்கள் டோக்கனைத் தங்கள் பையின் பக்கவாட்டு அறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்கள். டோக்கனம்மா அதைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படகு மரப் படகு. நடுவில் துணிப்பந்தல், பின்னால் மோட்டார். படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். கொழுந்தன் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அவரிடம் "வளைவுல கொஞ்சம் முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும்" என்று சொன்னான். படகோட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வளைவு எதுவும் இல்லை. "சரிங்க" என்றார்.

முதல் தீவு வந்தது. ஓரகத்தி தொப்பியை மாற்றிக்கொண்டு இறங்கினாள். மகள் கை நீட்டினாள். "வாம்மா."

"நீங்க போங்க. பை இருக்குல்ல."

"படகுக்காரர் இருக்காரும்மா."

"அவர் வேற, பை வேற. நீ போ."

இப்படி முதல் நாள் இரண்டு தீவு, இரண்டாம் நாள் இரண்டு தீவு. நான்கிலும் அவள் படகிலேயே இருந்தாள். விடுதிகளும் பலகைமேல் பலகையாகக் கட்டியவை. படகிலிருந்து பலகை, பலகையிலிருந்து அறை. இரண்டு நாளில் கடலுக்கு நடுவே அவள் கால் மணலையே தொடவில்லை. நான்கு தீவுகளைப் பற்றியும் அவளுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் முன்பக்கத்திலிருந்து தெரியும்.

படகில் அவளும் படகோட்டியும் மட்டும் இருக்கும்போது முதலில் ஆளுக்கொரு வேலை. அவர் கயிற்றைச் சுருட்டினார். அவள் பைகளைத் தொட்டு எண்ணினாள். மூன்றாவது தீவில்தான் அவர் கேட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த வட்டமா தொங்குதே, அது என்ன?"

அவள் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு வேலையைப் பற்றி நன்றாகவே பேச வரும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். மூன்று பொருள் சட்டத்தைக் கேட்டு அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லாட்டி நிஜமாவே குடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சண்டை போட்டா?"

"சண்டை போடறவங்க பை பெரும்பாலும் அவங்களோடதாத்தான் இருக்கும். ஆனாலும் குடுக்கக் கூடாது. அப்புறம் சண்டை போட்டா கிடைக்கும்னு ஆயிரும்."

அவர் கயிற்றை மறுபடி எடுத்தார். "எங்க தொழில்ல இந்த மாதிரி ஒரு ஒழுங்கு கிடையாதும்மா" என்றார்.

நான்காவது தீவில் அவர், "நீங்க இறங்கவே இல்லையே" என்றார்.

"நீங்க?"

"நான் இறங்கினா படகு போயிரும். இருபது வருஷமா இங்க எல்லாரையும் கொண்டாந்து விடறேன். உள்ள என்ன இருக்குன்னு திரும்பி வர்றவங்க சொல்லித்தான் தெரியும்." பிறகு, "நாளைக்குப் போறது சின்னத் தீவு. நடக்க நல்லாருக்குமாம். என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றார்.

அவள் பைகளை மறுபடி தொட்டு எண்ணினாள். அன்று முழுக்க அதையே யோசித்தாள். ஒப்படைக்க ஒருவர் கிடைத்துவிட்டார். இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் முற்பகலில் ஐந்தாவது தீவு வந்தது. பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கரை. அதன் இரண்டு முனையிலும் பாறை. நடுவில் மரங்கள். மற்ற ஐந்து பேரும் இறங்கிப் போய் நிழலில் துண்டை விரித்தார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. டோக்கனம்மா பதினோராம் நம்பர் பையை, அதாவது தன் பையைத் திறந்து ஷூவை எடுத்தாள். படகோட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இரண்டு முறை முடிச்சுப் போட்டாள். பிறகு குனிந்தபடி எழுந்து நின்றாள். மேலே படிக்கட்டு இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

"பாத்துக்கறீங்களா?"

படகோட்டி தலையாட்டினார்.

"வாயால சொல்லணும்."

"சரிம்மா."

"டோக்கன் இல்லாம யாருக்கும் தராதீங்க. மூணு பொருள் கேளுங்க. சொந்தக்காரங்கதான் ரொம்பச் சத்தம் போடுவாங்க. அதுக்காகக் குடுத்துறாதீங்க. மருந்து மட்டும் கேட்ட உடனே எடுத்துக் குடுங்க. ரெண்டாம் நம்பர், மேல் அறை, மஞ்சள் டப்பா. சாப்பாடு ஏழாம் நம்பர், அதோட டோக்கன் என்கிட்ட இருக்கு."

"மூணு பொருள். மருந்து மட்டும் உடனே. சரிம்மா."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் இறங்கிக் கரை சேர்ந்ததும் அவர் நங்கூரத்தைத் தூக்கி, படகை இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். தண்ணீர் வடிகிற நேரம், படகு தரை தட்டக் கூடாது என்பது ஒரு காரணம். பத்திரமாக இருக்கட்டும் என்பது இன்னொரு காரணம்.

அவள் இடது பக்கமாக நடந்தாள். நிழலில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. முதல் பிரச்சினை கைகள். இரண்டும் காலியாக இருந்தன. கொஞ்ச தூரம் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள், கடை முதலாளி மேற்பார்வை பார்ப்பதுபோல் இருந்தது. முன்னால் கட்டிக்கொண்டாள், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. கடைசியில் தொங்கவிட்டாள். அவை தாமாகவே வீச ஆரம்பித்தன. சரி, என்னவோ செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறையின் முனையிலிருந்த பாறைமேல் ஏறினால் அந்தப் பக்கம் தெரியும். ஏறினாள். ஏறியவள், கவுண்டரில் உட்கார்ந்த பழக்கதோஷம், திரும்பி ஒருமுறை பார்த்தாள். தூரத்தில் படகு. படகுக்கு முன்னால், இடுப்பளவுத் தண்ணீரில், ஆட்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றிருந்தார்கள். குரல் கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. முதலில் நின்ற கொழுந்தன் சட்டைப் பையைத் தட்டினான். கால்சட்டைப் பையைத் தட்டினான். பிறகு படகுக்குள் கை காட்டினான்.

அந்தச் சைகையை அவள் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாளோ. எப்போதும் அது அவளைப் பார்த்துச் செய்யப்பட்டது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இப்போது திரும்பிப் போனால் பத்து நிமிஷம். போய் ஏழாம் நம்பரை நீட்டினால் எல்லாம் முடிந்துவிடும். எல்லோரும் சாப்பிடுவார்கள். பெரியக்கா ஒன்று சொல்வார், கொழுந்தன் ஒன்று சொல்வான், அப்புறம் படகு கிளம்பிவிடும். அந்தத் தீவும் மற்ற நான்கைப்போல முன்பக்கம் மட்டும் பார்த்த தீவாகிவிடும். அவளுடைய ஆள்காட்டி விரல் தானாக நீண்டு, தூரத்துப் படகை நோக்கிக் காற்றில் பதினோரு முறை தொட்டது. மருந்து சொல்லியாகிவிட்டது. தண்ணீர்க் குடுவையை அவர்கள் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். பொறுப்பு இப்போது வேறொருவரிடம். வாயால் சொல்லியிருக்கிறார்.

பாறையின் அந்தப் பக்கம் இறங்கினாள்.

அங்கே ஒருவரும் இல்லை. நண்டுகள் அவளைக் கண்டதும் வளைக்குள் போயின, அவள் நகர்ந்ததும் வெளியே வந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அதை எடுத்து, ஜோடி தேடி வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு மரக்கிளையில் மாட்டிவைத்தாள். ஓரிடத்தில் மணலே இல்லை. வேர்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகத் தாண்ட வேண்டியிருந்தது. ஷூ நனைந்தது. இன்னோர் இடத்தில் ஒரு கட்டை சாய்ந்து கிடந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் பக்கவாட்டில் எதையோ தள்ளி வரிசையாக்கப் பார்த்தது. ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள், இந்த முறை நேராக.

ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பாறையைத் தாண்டியதும் பிறைக் கரை, மரநிழல், படகு. கொஞ்ச தூரத்தில் மணலில் அவள் புறப்பட்டபோது பதிந்த ஷூத் தடங்கள் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் தடத்தில் காலை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

நிழலில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் இடுப்புவரை நனைந்து காய்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பேசினால் பசிக்கும் என்பதுபோல் இருந்தார்கள்.

பெரியக்காதான் ஆரம்பித்தார். "எங்க போன?"

"சுத்தி வந்தேன்."

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். "சுத்தி வர்றதுக்குத்தான்."

"இருபத்தாறு வருஷம் கடையில உக்காந்தது போதாதுன்னு கடலுக்கு நடுவுல ஒரு கவுண்டரைத் தொறந்து, அதுக்கு ஒரு ஆளையும் போட்டுட்டுப் போயிருக்கா" என்றார் பெரியக்கா மற்றவர்களைப் பார்த்து. "அவன்கிட்ட நான் வாங்கின பேச்சு எனக்கும் அந்தக் கடலுக்கும்தான் தெரியும்."

"மாத்திரை குடுத்தாரா?"

"குடுத்தான். கேட்ட உடனே குடுத்தான். சாப்பிட்டப்புறம் போடற மாத்திரை அது. சாப்பாடு ஏழாம் நம்பர்ல இருக்காம். ஏழாம் நம்பர் உன்கிட்ட இருக்காம்."

டோக்கனம்மா தண்ணீரில் இறங்கிப் படகுவரை போனாள். கைக்குட்டையை அவிழ்த்து டோக்கனை நீட்டினாள். படகோட்டி அதை வாங்கி, பையில் தொங்கிய டோக்கனோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு ஏழையும் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு பையைக் கொடுத்தார்.

ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், வாழைப்பழம். வழக்கமாக முட்டையைப் பார்த்தால் முகம் சுளிக்கும் கொழுந்தன் மூன்று சாப்பிட்டான். கடைசியில், "அண்ணி, என் ஷேவிங் செட் எங்க?" என்று கேட்டான்.

"உங்கண்ணன் பையில. உங்க பையில மூடி அழுந்துச்சு."

"அதான் என் பை எனக்குக் கிடைக்கல" என்றான். குற்றம் சொல்வதுபோல் இல்லை. ஒரு விஷயம் தெளிவானதுபோல் சொன்னான்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படகோட்டிக்குக் கொடுத்தபோது அவர் தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார். கொழுந்தன் இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஷேவிங் செட் என்றானாம். முதல் இரண்டு சரி, மூன்றாவது இல்லை. ஓரகத்தி நான்கு தொப்பி என்றாளாம். அது ஒரு பொருளாகத்தான் கணக்கில் வரும் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை. மகள் இரண்டு சொன்னாள், மூன்றாவதாகச் சொன்ன புத்தகம் விடுதியிலேயே தங்கிவிட்டது. பெரியக்கா, என் பையில் என்ன இருக்கிறது என்று உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாராம். சாப்பாட்டுப் பையில் என்ன கட்டியிருக்கிறது என்றும் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம்.

"ஒருத்தருக்கும் அவங்க பைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலம்மா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, இவங்கதானா அவங்கன்னு."

"அவர்?"

"உங்க வீட்டுக்காரரா? அவர் வரிசையில கடைசியா நின்னாரு. தன் பையைக் கேக்கவே இல்ல. பதினோராம் நம்பர்ல என்ன இருக்குன்னு பாருங்கன்னாரு. டோக்கன் இல்லாம பாக்க முடியாதுன்னேன். அப்ப நான் சொல்றேன், நீங்களே பாத்துக்கங்க, அதுல ஒரு ஜோடி ஷூ இருக்கும், புதுசுன்னாரு. தொறந்து பாத்தேன். இல்லைங்கன்னேன்."

"அப்புறம்?"

"இல்லையா, அப்ப போட்டுட்டுப் போயிருக்கா, வந்துருவா, வாங்க உக்காரலாம்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாரு."

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி. இரண்டு மாதமாக அவர் அந்தப் பக்கம் குனிந்ததாகவே அவளுக்குத் தெரியாது. நிழலில் அவர் முட்டை ஓடுகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஓரங்களை நகத்தால் நீவிவிட்டார், தொழில் புத்தி. அவள் கரையேறி வந்து பார்ப்பதைப் பார்த்தார். "கால் நனைஞ்சிருச்சா?" என்றார்.

"நனைஞ்சிருச்சு."

"காய வை."

அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த மூன்று நாளில் அதுவே அதிகம்.

கிளம்புவதற்கு முன்பு டோக்கனம்மா படகோட்டியிடம், "நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்க. நான் படகைப் பாத்துக்கறேன்" என்றாள்.

"படகு போயிரும்மா."

"சரின்னு வாயால சொல்றேன்ல."

அவர் நங்கூரக் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கொழுந்தனும் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கால் கீழே எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. படகோட்டி கரையேறி, பாறைவரை போய், ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் நின்றார். திரும்பி வந்துவிட்டார்.

"சுத்தலையா?" என்று மகள் கேட்டாள்.

"பாத்துட்டேன்மா. அங்கயும் தண்ணிதான்" என்றார். ஆனால் மோட்டாரைக் கிளப்பும்போது மறுபடி ஒருமுறை அந்தப் பாறையைப் பார்த்தார். "மரத்துல யாரோ ஒரு செருப்பை மாட்டி வெச்சிருக்காங்க" என்றார்.

டோக்கனம்மா கால்களுக்கு முன்னால் பைகளை வரிசையாக்கி, பதினொன்றையும் தொட்டாள்.

இது நடந்து நான்கு வருஷமாகிறது. அவள் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறாள். மேல்தட்டுப் பையை இன்னும் யாரும் வாங்க வரவில்லை. குடும்பத்தோடு எங்காவது போனால் பைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் அடுக்குவது அவரவர் வேலை. போகிற இடத்தில் ஒரு மணி நேரம் அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்து போகிறாள். அந்த ஒரு மணி நேரம் பைகளுக்குப் பக்கத்தில் அவளுடைய கணவர் உட்கார்ந்திருக்கிறார். "பாத்துக்கறீங்களா?" என்று கேட்டால், "சரி" என்று வாயால் சொல்கிறார்.